அகதிகளைத் தேடிய அருட்தந்தை பேத்ரோ அருப்பே

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் உள்ள சென்னீர்குப்பம் நம் ஊர். பெரிய ஊர் அல்ல. ஆனால் இங்கே நின்று சுற்றிப் பார்த்தால், சொந்த மண்ணை விட்டு விரட்டப்பட்ட மக்களின் கதை நம்மைச் சூழ்ந்து நிற்பது தெரியும். வடகிழக்கே புழல், அதற்கும் வடக்கே கும்மிடிப்பூண்டி; இரண்டு இடங்களிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் திருப்பெரும்புதூர். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி அங்கே கொல்லப்பட்டார். அந்த வழக்கு நடந்தது நமக்குப் பக்கத்தில், பூந்தமல்லி தடா நீதிமன்றத்தில். சிறப்பு முகாம் என்ற பெயரில் இலங்கைத் தமிழர் சிலர் பல ஆண்டுகள் அடைத்து வைக்கப்பட்டிருந்ததும் இதே பூந்தமல்லியில்தான்.

இன்று காட்சி வேறு. காலை ஏழு மணிக்குச் சாலையோரம் வேன் வருகைக்காக நிற்கும் இளைஞர்கள் இந்தியோ, ஒடியாவோ, சாத்ரியோ பேசுகிறார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், அசாம் மாநிலங்களிலிருந்து வந்து நம் பகுதித் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைப்பவர்கள். ஓர் அறையில் ஆறுபேர், எட்டுப்பேர் என்று தங்குகிறார்கள். அந்த அறைகளுக்கு வாடகை வாங்குபவர்களில் நம் பங்கு மக்களும் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1991ஆம் ஆண்டின் அந்தக் கோடையில், கைக்குழந்தையுடன் வீடு கேட்டு வந்த ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்திற்கு வீடு இல்லை என்று சொல்லி அனுப்பியவர்களில் நாமும் உண்டு. மாடி அறை காலியாகத்தான் இருந்தது. காவல் நிலையத்திற்கு அலைய வேண்டியிருக்கும், வீண் வம்பு என்று நினைத்தோம். அந்தப் பெண்ணின் கழுத்தில் செபமாலை இருந்தது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் அது நினைவை விட்டு அகலவில்லை.

திருச்சபை மனித உரிமைகளை எப்படிக் காக்க முடியும், விரட்டப்பட்ட மக்களுக்காக என்ன செய்ய முடியும் என்று கூட்டங்களில் கேட்கப்படும்போதெல்லாம் நமக்கு அந்த மாடி அறையும், அதனோடு சேர்ந்து ஒரு மனிதரும் நினைவுக்கு வருவார்கள். 1991 பிப்ரவரி 5ஆம் நாள் உரோமையில் இறையடி சேர்ந்த இயேசு சபைத் தந்தை பேத்ரோ அருப்பே அவர். நாம் கதவைச் சாத்தியது அவர் இறந்து சில மாதங்களுக்குள்தான். அவரை அப்போது நமக்குத் தெரியாது.

1907 நவம்பர் 14 அன்று ஸ்பெயின் நாட்டின் வடக்கே பாஸ்க் பகுதியிலுள்ள பில்பாவோ நகரில் அருப்பே பிறந்தார். நான்கு அக்காமாருக்குப் பின் பிறந்த ஒரே ஆண்பிள்ளை. தந்தை கட்டடக் கலைஞர். வசதியான, பக்தியுள்ள குடும்பம். சிறுவயதிலேயே தாயை இழந்தார். மருத்துவம் படிக்க மத்ரித் சென்றார். படிப்பில் பரிசுகள் வாங்கிய மாணவர். அங்கே வின்சென்ட் தே பவுல் சபை இளைஞர்களுடன் ஏழைக் குடியிருப்புகளுக்குச் சென்றுவந்த நாள்களில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. பிற்பகலில் ரொட்டி தின்றுகொண்டிருந்த சிறுவன் ஒருவனிடம், மாலைச் சிற்றுண்டி சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இல்லை, இதுதான் காலை உணவு என்றான் பையன். அன்று அவன் வாயில் பட்ட முதல் உணவே அதுதான். ஒரே நகரத்தில் ஒருவன் ஏன் பசித்திருக்கிறான் என்ற கேள்வி அப்போது அவருக்குள் விழுந்தது.

தந்தையும் இறந்தபின், குடும்பத்துடன் லூர்து நகர் சென்றார். மருத்துவ மாணவர் என்பதால் அங்குள்ள மருத்துவ ஆய்வு அலுவலகத்தில் இருந்து நோயாளிகள் குணமானதை நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தது. திரும்பி வந்தவர் 1927 ஜனவரியில் லொயோலாவில் இயேசு சபையில் சேர்ந்துவிட்டார். பேராசிரியர்கள் வருந்தினார்கள். அவர்களுள் ஒருவரான ஹுவான் நெக்ரின் பின்னாளில் ஸ்பெயின் குடியரசின் பிரதமரானார்.

1932இல் ஸ்பெயினின் குடியரசு அரசு இயேசு சபையைக் கலைத்து, அதன் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. துறவிகளுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் பத்தே நாள். தத்துவம் படித்துக்கொண்டிருந்த அருப்பே கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தோழர்களுடன் எல்லையைக் கடந்தார். இருபத்து நான்கு வயதில் அவர் நாடற்றவர். முதலில் பெல்ஜியம், பின்பு ஹாலந்தில் ஜெர்மானிய இயேசு சபையினரின் கல்லூரி. ஹிட்லரின் ஆட்சி தோன்றி வளர்ந்த ஆண்டுகள் அவை. ஓர் இனத்தையே பகை என்று சொல்லிக்கொடுக்கும் கொள்கை, படித்தவர்களின் உள்ளத்தையும் எப்படிப் பிடிக்கிறது என்பதை அங்கே அருகிலிருந்து கண்டார்.

1936 ஜூலை 30 அன்று பெல்ஜியத்தில் அவருக்குக் குருத்துவ அருட்பொழிவு நடந்தது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. உடன்பிறந்த நான்கு பேரில் ஒருவராலும் வர முடியவில்லை. நம் ஊர்களில் குருப்பட்ட விழா என்றால் மேளதாளமும் உறவுக் கூட்டமும் நினைவுக்கு வருகின்றன. அருப்பே தம் முதல் ஆசீரைக் கொடுக்கும்போது எதிரே நின்றவர்களில் இரத்த உறவு எவரும் இல்லை. பின்னாளில் முகாம்களில் இருந்தவர்களைப் பற்றி அவர் பேசியபோது, புத்தகத்தில் படித்ததைப் பேசவில்லை.

அமெரிக்காவில் மேற்படிப்பு, அங்கே கடுங்காவல் சிறைக் கைதிகள் நடுவே சில மாதப் பணி, பின்பு 1938இல் அவர் பலமுறை விண்ணப்பித்துக் காத்திருந்த ஜப்பான். புனித சவேரியார் பணியாற்றிய யமகுச்சி நகரில் பங்குத்தந்தையானார். தரையில் அமர்ந்து உண்ணவும், தேநீர்ச் சடங்கை முறையாகச் செய்யவும், வில்வித்தை பழகவும் கற்றுக்கொண்டார். விருந்தாளியாக வந்தவன் வீட்டாரின் பழக்கத்தைக் கற்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

1941 டிசம்பர் 8 அன்று, ஜப்பான் போரில் இறங்கிய செய்தியோடு, ஒற்றர் என்ற சந்தேகத்தில் கைது செய்யப்பட்டார். 33 நாள் தனிச்சிறை. குளிர் மிகுந்த காலம்; புத்தகமில்லை, திருப்பலியில்லை. விசாரணையில் மணிக்கணக்கான கேள்விகள். கிறிஸ்து பிறப்பு இரவில் சிறைக்கு வெளியே காலடி ஓசைகள் கேட்டன. தம்மைக் கொல்லத்தான் வருகிறார்கள் என்று எண்ணினார். வந்தவர்கள் அவருடைய பங்கு மக்கள். காவலுக்கு அஞ்சாமல் சுவருக்கு வெளியே நின்று, அவர் கற்றுக்கொடுத்த பிறப்பு விழாப் பாடலை மெல்லப் பாடினார்கள். அவர் அழுதார்.

இந்த இடத்தில் நாம் வழக்கமாகத் தந்தை அருப்பேயின் பொறுமையைத்தான் புகழ்வோம். ஆனால் அந்த யமகுச்சிப் பங்கு மக்களை நினைத்துப் பாருங்கள். நாடே போர்வெறியில் இருந்தது. அயல்நாட்டுக் கைதி ஒருவருக்காகச் சிறைச்சுவர் ஓரம் பாட வந்தார்கள். எண்ணிக்கையில் ஒரு கைப்பிடி. விடுதலையானபோது சிறை அதிகாரிக்கு அருப்பே நன்றி சொன்னார். துன்பத்தைக் கற்றுக்கொடுத்ததற்காக என்று விளக்கம் வேறு சொன்னார். அதிகாரிக்கு எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரிந்திருக்காது.

அடுத்த ஆண்டு அவர் நவதுறவியரின் பயிற்சித் தலைவராக நியமிக்கப்பட்டார். இல்லம் இருந்த இடம் நகத்சுகா, ஹிரோஷிமா நகரின் புறத்தே. நமக்குச் சென்னை எப்படியோ, அதுபோல் நகருக்கு அருகே, ஆனால் நகருக்குள் இல்லை. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15. கண்ணைப் பறிக்கும் ஒளி, பின் இடிமுழக்கம். கதவுகளும் சன்னல்களும் பெயர்ந்து விழுந்தன. இல்லத்தில் இருந்தவர்களில் எவருக்கும் உயிர்ச்சேதமில்லை. குன்றின் மேல் ஏறிப் பார்த்தால் ஹிரோஷிமா எரிந்துகொண்டிருந்தது.

அருப்பே முதலில் சிற்றாலயத்திற்குச் சென்று முழந்தாளிட்டார். பின்பு, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த மருத்துவத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, இடிபாட்டில் முதலுதவிப் பெட்டியைத் தேடி எடுத்தார். தோல் உரிந்து தொங்க, மக்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையில் வந்தார்கள். இல்லத்துக் கதவு திறந்தது. அறைகள், நடைபாதை, சிற்றாலயம் எங்கும் பாய்கள். நூற்றைம்பது பேர் அளவில் அங்கே படுத்திருந்தார்கள். மயக்க மருந்து இல்லை. கத்தரிக்கோலும் சவரக்கத்தியுமே அறுவைக் கருவிகள். விவசாயி ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஒரு மூட்டை போரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துப் புண்களுக்கு ஈரத்துணி போட்டார்கள். இளம் துறவிகள் சைக்கிளில் கிராமம் கிராமமாகச் சென்று முட்டையும் காய்கறியும் இறைச்சியும் சேகரித்து வந்தார்கள். நோயாளிகள் நன்றாக உண்டால்தான் பிழைப்பார்கள் என்பது அருப்பேயின் கணிப்பு. அணுக்கதிர் என்றால் என்னவென்றே எவருக்கும் தெரியாத நாளில், அவர் கையில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

மறுநாள் காலை அந்தச் சிற்றாலயத்தில் திருப்பலி. திரும்பி மக்களைப் பார்த்து ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்று சொல்லக் கைகளை விரித்தவருக்கு, தரை முழுவதும் வலியில் துடிப்பவர்கள்தாம் தெரிந்தார்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்லர். விரித்த கைகள் விரித்தபடியே நின்றன. இந்தக் காட்சியைப் பின்னாளில் அவர் பலமுறை நினைவுகூர்ந்தார். அந்நகரில் ஆண்டு முடிவுக்குள் இறந்தவர்கள் சுமார் 1 இலட்சத்து 40 ஆயிரம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் கொரியர்கள். கட்டாய உழைப்புக்காகத் தங்கள் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் பலர் அதில் உண்டு. இது ஹிரோஷிமா நினைவு நாளில் நம் மேடைகளில் அதிகம் சொல்லப்படுவதில்லை.

1965 மே 22 அன்று இயேசு சபையின் 28ஆவது சபைத் தலைவராக அருப்பே தேர்ந்தெடுக்கப்பட்டார். புனித இஞ்ஞாசியாருக்குப் பிறகு அப்பொறுப்புக்கு வந்த முதல் பாஸ்க் இனத்தவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில் இருந்தது. சபைத் தலைவராக உலகைச் சுற்றியபோது ஒருமுறை தென் அமெரிக்கச் சேரி ஒன்றில் திருப்பலி நிறைவேற்றினார். பூசை முடிந்ததும் முரடராகத் தெரிந்த ஒருவர் அவரைத் தம் குடிசைக்கு அழைத்தார். உடன் வந்தவர்கள் தயங்கினாலும் அருப்பே சென்றார். பாதி இடிந்த குடிசை. ஆட்டம் காணும் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மலைச்சரிவுக்கு அப்பால் சூரியன் மறைவதைக் காட்டினார் அந்த மனிதர். கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் இதையாவது பார்க்கட்டும் என்றுதான் அழைத்தாராம். தமக்குக் கிடைத்த பரிசுகளில் இதை உயர்வாக எண்ணினார் அருப்பே.

1974-75ஆம் ஆண்டுகளில் இயேசு சபையின் 32ஆவது பொதுப்பேரவை கூடியது. விசுவாசத்திற்குப் பணிபுரிகிறோம் என்று சொன்னால் நீதிக்காக உழைப்பது அதிலிருந்து பிரிக்க முடியாத கடமை என்று அது முடிவெடுத்தது. இன்று இதைக் கேட்க எளிதாக இருக்கிறது. அன்று அப்படியில்லை. அதற்கு முன்பே, 1973இல் வலென்சியா நகரில் கூடிய முன்னாள் மாணவர்களிடம், நாங்கள் உங்களுக்கு நீதியைக் கற்றுத்தரத் தவறிவிட்டோம் என்ற பொருளில் அருப்பே பேசியபோது, பணமும் பதவியும் பெற்றிருந்த பலர் கோபித்துக்கொண்டார்கள். நீதி என்று இறங்கினால் சபை உயிர்ப்பலி கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை அருப்பே தம்மவரிடம் மறைக்கவில்லை. 1977 மார்ச்சில் எல் சால்வதோரில் தந்தை ருத்திலியோ கிராந்தே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில், நாட்டை விட்டு வெளியேறாவிட்டால் எல்லாரையும் கொல்வோம் என்று அங்கிருந்த இயேசு சபையினருக்குக் கொலைக் கும்பல் ஒன்று கெடு வைத்தது. மக்களை விட்டுப் போவதில்லை என்பதே அருப்பேயின் முடிவு. அவர்கள் தங்கினார்கள்.

இனி அவருடைய வாழ்வில் நம்மை நேரடியாகத் தொடும் பகுதிக்கு வருவோம். வியட்நாம் போர் 1975இல் முடிந்தபின் அந்நாட்டிலிருந்து மக்கள் படகுகளில் தப்பி ஓடத் தொடங்கினர். 1979இல் அது வெள்ளமாகப் பெருகியது. ஓட்டைப் படகுகள், கடற்கொள்ளையர், கரைக்கு வந்தவர்களைத் திரும்பக் கடலுக்குள் தள்ளிய அரசுகள். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அருப்பே, உலகின் சுமார் இருபது மாநிலத் தலைவர்களுக்குத் தந்தி அனுப்பினார். இந்த மக்களுக்காக உங்களால் என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி. ஆள், பணம், மருந்து, இடம் என்று பதில்கள் வந்து குவிந்தன. ஒரு தந்திக்கு இத்தனை பலனா என்று அவரே வியந்தார்.

அதை ஒருமுறை செய்த உதவியாக விட்டுவிடாமல், 1980 நவம்பர் 14 அன்று இயேசு சபை அகதிகள் பணி அமைப்பைத் தொடங்கினார். அன்று அவருக்கு 73 வயது நிறைந்தது. அப்போது உலகில் சுமார் 1 கோடியே 60 இலட்சம் அகதிகள் இருந்தனர். இந்தத் துன்பம் கடவுளின் செயல் அல்ல, மனிதர் மனிதருக்குச் செய்தது. எனவே சோறு போடுவதோடு நின்றுவிட முடியாது, ஏன் விரட்டப்பட்டார்கள் என்பதையும் கேட்க வேண்டும் என்பது அவருடைய நிலை. பிற்பகலில் காலை உணவு தின்ற சிறுவனைப் பார்த்தபோது எழுந்த அதே ஏன். உடனிருப்பது, பணியாற்றுவது, உரிமைக்காக வாதாடுவது என்ற மூன்றையும் அந்த அமைப்பு இன்றுவரை தன் பணியாகச் சொல்கிறது. உடனிருப்பது முதலில் வருவதைக் கவனியுங்கள். வழக்கறிஞரோ மருத்துவரோ ஆகாத நம்மைப் போன்றவர்களுக்கு அதில் சாக்குச் சொல்ல இடமில்லை.

கிழக்கு ஆசியாவுக்கு ஆள் அனுப்பியவர் தம் வாசலையும் பார்த்தார். உரோமை தெர்மினி இரயில் நிலையத்தைச் சுற்றி எத்தியோப்பிய இளைஞர்கள் குளிரில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். இயேசு சபைக்குச் சொந்தமான கட்டடத்தில், அஸ்தாலி தெருவில், 1981இல் அவர்களுக்கு உணவிடும் இடம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே வரிசை நிற்கிறது. 2013 செப்டம்பரில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அந்த இல்லத்திற்குச் சென்றபோது, காலியாகக் கிடக்கும் துறவற மடங்களை விடுதிகளாக்கிப் பணம் பார்ப்பதற்கு அவை உங்களுடையவை அல்ல, அகதிகளுக்கு உரியவை என்ற கருத்தைச் சொன்னார். துறவிகளுக்குச் சொன்னதுதான். ஆனால் நாம் அதைப் படித்தபோது மாடி அறை நினைவுக்கு வந்தது.

1981 ஆகஸ்ட் 6 அன்று, ஹிரோஷிமாவின் அதே நாளில், அருப்பே பாங்காக்கில் இருந்தார். தாய்லாந்து முகாம்களில் உழைக்கும் சபையினரைக் கூட்டி, அவர்களுடைய குழப்பங்களைக் கேட்டார். அரசியல் கலந்த வேலை இது, எங்கே நிற்பது என்று அவர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். அவரிடம் ஆயத்த விடைகள் இல்லை. செபத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று மீண்டும் மீண்டும் வேண்டினார். இதுவே தாம் பாடும் கடைசிப் பாட்டாக இருக்கலாம் என்றும் சொன்னார். மறுநாள் விமானம் உரோமையில் இறங்கியபோது பக்கவாதம் தாக்கியது. வலப்பக்கம் செயலிழந்தது. ஏழு மொழிகள் பேசியவருக்குப் பேச்சே அற்றுப்போனது. சில ஸ்பானியச் சொற்கள் எஞ்சின.

சபைக்குள் பலர் எதிர்பாராத விதமாக, அவர் நியமித்த துணைவரை ஒதுக்கிவிட்டு, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதே ஆண்டு அக்டோபரில் தம் தனிப் பிரதிநிதியாகத் தந்தை பவுலோ தெத்சாவை நியமித்தார். அருப்பே கண்ணீர்விட்டார், ஏற்றுக்கொண்டார். 1983 செப்டம்பரில் அவருடைய பதவி விலகல் ஏற்கப்பட்டது. பேரவைக்கு அவர் விடுத்த செய்தியை வேறொருவர் வாசிக்க, அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார். அதன்பின் ஏழாண்டுகளுக்கு மேல் ஓர் அறை, ஒரு கட்டில். இந்தக் காலத்தைச் சிலர் அவருடைய வாழ்வின் வீணான பகுதி என்பார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல், வேறு யாரோ எடுக்கும் முடிவுக்காக ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று முகாமில் வளர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள்.

அவர் பேச்சிழந்து படுத்திருந்த அந்த ஆண்டுகளில்தான் நம் கடற்கரைக்குப் படகுகள் வந்தன. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் இராமேசுவரம் கரையில் இறங்கத் தொடங்கிய ஈழத்தமிழர், 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஓராண்டுக்குள் இலட்சத்தைத் தாண்டினர். மொத்தத்தில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பல கட்டங்களில் வந்திருக்கிறார்கள். முற்காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலிகளை நிறுத்திச் சோதித்த மண்டபம் முகாம், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உட்பட ஓடி வந்தவர்களை ஏற்கும் இடமாயிற்று. 1984இல் சந்திரகாசன் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைச் சென்னையில் தொடங்கி, ஏதிலிகளே ஏதிலிகளுக்கு உழைக்கும் வழியைக் காட்டினார். 1990 வாக்கில் அருப்பே தொடங்கிய அகதிகள் பணியும் தமிழக முகாம்களுக்கு வந்தது.

பிறகு 1991 மே. ஒரு கொலைக்கு ஒரு மக்கள் கூட்டமே குற்றவாளி போல் பார்க்கப்பட்ட காலம். அகதிப் பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை மறுக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையக் கட்டுப்பாடுகள் வந்தன. 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் மனமுவந்துதான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் 1992இல் சென்னையில் அலுவலகம் திறக்க வேண்டியிருந்தது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, இன்றும் இல்லை. அதனால் அகதிக்குச் சட்டத்தில் தனி இடம் கிடையாது, அரசின் தயவுதான் உண்டு. தயவு மாறினால் எல்லாம் மாறும். அந்த இருண்ட ஆண்டுகளில் முகாம்களை ஒட்டி மாலைநேரப் பாடவகுப்பு நடத்தியவர்கள், சேர்க்கைக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்தவர்கள் சிலர்தாம். அவர்களில் துறவியரும் பொதுநிலையினரும் இருந்தார்கள். நாம் இல்லை.

2021இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றிப் புதிய வீடுகள் கட்டத் தொடங்கியது நல்ல செய்தி. ஆனால் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணமுடித்தவர்களும் குடிமக்கள் ஆகாமல் இருக்கிறார்கள். சோறு, வீடு என்பதோடு நிற்க முடியாது என்று அருப்பே சொன்னதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

அவர் விதைத்தது நம் மண்ணில் ஆட்களாக முளைத்ததும் உண்டு. தேவகோட்டைப் பகுதியைச் சேர்ந்த இயேசு சபைத் தந்தை அலெக்சிஸ் பிரேம்குமார், தமிழக முகாம்களில் ஈழத்தமிழர் நடுவே உழைத்துவிட்டு, ஆப்கானிஸ்தானில் திரும்பி வந்த அகதிகளின் பிள்ளைகளுக்குக் கல்வி தரச் சென்றார். 2014 ஜூன் 2 அன்று ஹெராத் அருகே கடத்தப்பட்டார். 2015 பிப்ரவரியில்தான் விடுதலை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த தந்தை ஸ்டேன் சுவாமி, சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் நிலம் பறிகொடுத்த ஜார்க்கண்ட் பழங்குடியினருக்காக வாதாடினார். 2020 அக்டோபரில் கைதாகி, 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், விசாரணைக் கைதியாகவே மும்பை மருத்துவமனையில் இறந்தார். 32ஆவது பேரவையின் முடிவு காகிதத்தில் நின்றுவிடவில்லை என்பதற்கு இவர்கள் சாட்சி.

ஜார்க்கண்ட் என்றதும் நம் சாலையோரத்து இளைஞர்களுக்கே திரும்பி வருகிறோம். அவர்கள் போருக்கு அஞ்சி வந்தவர்கள் அல்லர். வேலை தேடி வந்தவர்கள் என்று பட்டியலில் வேறு இடத்தில் எழுதுவார்கள். அருப்பே அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் அல்லர். நிலம் போனபின் ஊரில் பிழைப்பு இல்லாமல் வருபவன் விரும்பித்தான் வந்தானா என்று கேட்டிருப்பார். 2020 மே மாதத்து வெயிலில் ஊரடங்கு நேரம், வேலையும் கூலியும் இன்றி இவர்கள் நடந்தும் சைக்கிளிலும் வடக்கு நோக்கிக் கிளம்பியதைக் கண்டோம். சோற்றுப் பொட்டலம் கொடுத்தோம், உண்மை. கூலி பாக்கியை எவர் கேட்டுக் கொடுத்தார்கள் என்று யோசித்தால் தலை குனிகிறது.

1997இல் அருப்பேயின் உடல் உரோமையிலுள்ள ஜேசு ஆலயத்திற்கு மாற்றப்பட்டது. 2019 பிப்ரவரி 5 அன்று அவரைப் புனித நிலைக்கு உயர்த்துவதற்கான பணி உரோமை மறைமாவட்டத்தில் தொடங்கியது. மறைமாவட்ட அளவிலான விசாரணை 2024 நவம்பர் 14 அன்று நிறைவுற்றது. அவர் தொடங்கிய அமைப்புக்கு வேலை குறையவில்லை. 2024 முடிவில் உலகில் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டோர் 12 கோடியே 30 இலட்சத்துக்கும் மேல் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கிட்டது.

நம் மாடி அறையில் இப்போது வடமாநில இளைஞர்கள் ஐந்துபேர் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக வாடகை தேதி தவறாமல் வருகிறது. அவர்களில் ஒருவர் ஞாயிறு தோறும் பூசைக்கு வந்து, கடைசி வரிசையில் நின்று, தமிழில் ஒரு வார்த்தையும் புரியாமல் நற்கருணை வாங்கிச் செல்வதை நாம் கவனித்ததே அண்மையில்தான். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரம் அவரை நிறுத்தி, ஊர் எது என்று கேட்டோம். சிம்டேகா என்றார். வீட்டில் நிலம் இருக்கிறதா என்றோம். சிறிது நேரம் நம்மையே பார்த்தார். உட்காரச் சொன்னோம். தேநீர் ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார். நமக்குத் தெரிந்த இந்தியில் பாதிதான் விளங்கியது. மீதியைக் கேட்க வருகிற ஞாயிறு பூசை முடிந்து மேலே வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.